கடிதம் யார் வீட்டில் கிடக்கிறது?
மின்னஞ்சல், கட்டளைவரி, நினைவு: சில குறிப்புகள்

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019ஆம் வருஷம், நாகல்நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மாங்காய்ப் பூட்டு ஒன்றுக்கு லீவர் கோத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: “ஏண்ணே, ஒரு பூட்டுக்கு எத்தனை சாவி குடுப்பீங்க?”

“ரெண்டு.”

“மூணாவது ஒண்ணு நீங்க வச்சுக்குவீங்களா?”

அரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மூணாவது சாவி எங்கிட்ட இருந்தா எவன் தம்பி எங்கிட்ட பூட்டு வாங்குவான்?”

நாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நம்முடைய மின்னஞ்சல் பெட்டிகளுக்கு மூன்றாவது சாவி என்ன, முதல் சாவியே விற்றவனிடம்தான் இருக்கிறது. பெட்டியும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. இலவசம் என்பதால் ‘விற்றவன்’ என்ற சொல்கூடப் பொருந்தாது. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியிலிருந்து நம் கடிதங்களைப் பிரதியெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது, அவற்றுள் தேடுவது, வேறிடத்துக்கு மாற்றுவது ஆகிய மூன்று வேலைகளைப் பற்றியது. மூன்றுமே கட்டளைவரியில், அதாவது கறுப்புத் திரையில் எழுத்தடித்துச் செய்யக்கூடியவை. ‘இதெல்லாம் கம்ப்யூட்டர்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஒரு கிணற்றின் கதையும் இதில் இருக்கிறது.

1

எங்கள் ஊரின் இன்னொரு தொழில் தோல். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, உத்தரவு வேலூரோடு நிற்கவில்லை. அன்றைக்கு ‘திண்டுக்கல் அண்ணா’ என்ற பெயரில் இருந்த எங்கள் மாவட்டத்து ஆலைகளுக்கும் சேர்த்தே அது பேசியது. அதற்குப் பிந்தைய வருஷங்களில் ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன். பெயர் வைத்த அமைப்பு எதுவும் இல்லை, ரசீது புத்தகமும் இல்லை. 2003 முதல் எங்களுக்குள் இருந்த ஒரே அலுவலகம் மின்னஞ்சல்தான்.

பிறகு நான் ஒரு வருஷத்துக்கு மேல் நோயில் கிடந்தேன். எழுந்து வந்து பெட்டியைத் திறந்தால் காலி. ‘நீண்டகாலம் பயன்படுத்தப்படாததால்’ என்று ஒரு வரி. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எல்லாக் கம்பெனிகளின் ஒப்பந்தத்திலும் அந்த வரி ஏதோ ஓர் இடத்தில் இருக்கும். கூகிளும் இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 மே மாதத்தில் அறிவித்தது. இறந்துபோன எழுத்தாளர் எவரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எழுந்துவந்து பெட்டியைத் திறக்கப்போவதில்லை.

என் பெட்டி காலியாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “இத்தனை வருஷமா கிணத்துத் தண்ணியப் பத்தி அந்த ஊர்லருந்து ஒருத்தரும் புகார் சொன்னதில்லையே” என்றார். சொல்லியிருந்தார்கள். 2003லேயே சொல்லியிருந்தார்கள். அதைக் கடிதமாக எழுதி அனுப்பியவனே நான்தான். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

2

காகிதக் கடிதத்துக்கு ஒரு விசித்திரமான சொத்துமுறை உண்டு. எழுதியவரை விட்டுப் போய்ப் பெற்றவர் வீட்டில் அது தங்கிவிடும். புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலானது கமலா அவற்றை வைத்திருந்ததால். கு. அழகிரிசாமியின் கடிதங்கள் நமக்குக் கிடைத்தது கி.ரா. அவற்றைப் பத்திரப்படுத்தியதால். எழுதியவர் வீடு எரிந்தாலும் பெற்றவர் வீட்டில் பிரதி இருக்கும். இடையில் இருக்கிற தபால்காரர் கடத்துபவர் மட்டுமே, அவர் சேமிப்பதில்லை.

மின்னஞ்சல் இந்த உறவைத் தலைகீழாக்கியது. எழுதியவர், பெற்றவர் இருவர் வீட்டிலும் கடிதம் கிடையாது. இடையில் இருப்பவரிடம்தான் எல்லாம் கிடக்கிறது. இது இயற்கையாக நேர்ந்ததில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 என்ற ஒற்றை ஆண்டில் மூன்று வெவ்வேறு இடங்களில் நடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, இந்தியா. அஞ்சல்களை இடைமறித்துப் பிரிக்க அரசுக்கு அகலமான அதிகாரம் தரும் அஞ்சலகத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, சும்மா வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை. இரண்டு, அமெரிக்கா. மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் வந்தது. 180 நாளுக்கு மேல் சர்வரில் கிடக்கும் கடிதத்துக்குக் குறைந்த பாதுகாப்பே போதும் என்றது அது. உரியவர் எடுத்துப் போயிருப்பார், மிச்சம் கிடப்பது கைவிடப்பட்டதாக இருக்கும் என்பது அதன் அனுமானம். மூன்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். மார்க் கிறிஸ்பின் என்பவர் ஐமேப் என்ற நெறிமுறையை வடிவமைத்தார். கடிதத்தைச் சர்வரிலேயே விட்டுவைத்து, எங்கிருந்து வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள வழி செய்தது அது.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இந்த மூன்றும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நடுவில் கிடக்கும் கடிதம் யாருடையது? சட்டம் ‘எடுத்துப் போயிருப்பார்கள்’ என்று நினைத்த அதே வருஷம், எடுத்துப் போகத் தேவையில்லாத ஒரு தொழில்நுட்பம் பிறந்திருக்கிறது. அந்த 180 நாள் கணக்கு அமெரிக்காவிலேயே 2010இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிவாங்கியது. இங்கே கதை எதிர்த்திசையில் போனது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு மின்வழித் தகவலை இடைமறிக்க அதிகாரம் தருகிறது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, காகிதத் தபாலையும் இடைமறிக்க வகைசெய்கிறது.

கறுப்புத் திரை நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு. படம் கிடையாது, வெறும் எழுத்து. ‘பைன்’ என்ற நிரலில் கடிதம் படித்து ‘பைன்’ என்ற நிரலிலேயே பதில் எழுதினார்கள். அடுத்த வருஷம் ஹாட்மெயில் வந்தது. 2004இல் ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு, ‘இனி எதையும் அழிக்க வேண்டாம்’ என்ற வாக்குறுதியோடு வந்தது. அழிக்க வேண்டாம் என்றால் எடுத்துப் போகவும் வேண்டாம் என்று நாமே அர்த்தம் பண்ணிக்கொண்டோம். அதற்காக ஷெல் காலம் ஒன்றும் பொற்காலமில்லை. அப்போதும் கடிதம் நிகமத்தின் கணிப்பொறியில்தான் கிடந்தது. கறுப்புத் திரையே சுதந்திரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடிதம் எங்கே கிடக்கிறது, எந்த வடிவில் கிடக்கிறது என்ற இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

3

வடிவம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மின்னஞ்சல் என்பது வெறும் எழுத்துக்கோப்பு. மேலே தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, பிறகு கடிதம். தலைப்பு வரிகளில் அனுப்புநர், பெறுநர், தேதி தவிர இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘மெசேஜ்-ஐடி’, அந்தக் கடிதத்துக்கே உரிய அடையாள எண். மற்றது ‘ரிசீவ்டு’ வரிகள். கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்குத் தேதியும் நேரமும் போட்டு ஒரு வரியை மேலே ஒட்டும். தபால் முத்திரை மாதிரிதான். கீழிருந்து மேலாகப் படித்தால் கடிதம் வந்த வழி தெரியும். கீழே இருப்பவற்றைப் போலியாக எழுதிவிட முடியும். நமக்கு வேண்டிய சர்வர் தானே போட்ட மேல் வரிகளைத்தான் நம்பலாம். உலாவியில் பார்க்கும்போது இதெல்லாம் மறைந்துவிடுகிறது. நமக்குக் காட்டப்படுவது அலங்கரித்த முகம் மட்டும்.

இந்தக் கோப்புகளைச் சேமிக்கப் பழகிய முறைகள் இரண்டு. எல்லாக் கடிதங்களையும் ஒரே நீளக் கோப்பில் அடுக்குவது ‘எம்பாக்ஸ்’. கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று அடைவில் போடுவது ‘மெயில்டிர்’. இரண்டையும் திறக்க எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. இருபது வருஷம் கழித்து எந்தக் கருவி வந்தாலும் படிக்கும்.

(கருவிகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இதிலுள்ள அரசியலைப் பின்னால் பேசுவோம்.)

கொண்டுவருவதற்கு இன்று நான் பயன்படுத்துவது ‘எம்பிசிங்க்’. ஐமேப் வழியாகச் சர்வரோடு பேசி, அங்குள்ளதை மெயில்டிராக இங்கே இறக்கும். ஒரு சிறிய அமைப்புக்கோப்பில் சர்வர் பெயர், கணக்கு, உள்ளூர் அடைவு ஆகியவற்றை எழுதிவைத்தால் போதும். அனுபவத்தில் கற்ற மூன்று எச்சரிக்கைகள்:

முதலாவது, இது ‘ஒத்திசைக்கும்’ கருவி. இருபக்கமும் ஒன்றாக்கு என்று சொன்னால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். எனவே ஆரம்பத்தில் ‘புல்’, அதாவது இழுத்துக்கொள்வது மட்டும். ‘எக்ஸ்பஞ்ச்’ எதுவும் வேண்டாம். இரண்டாவது, ஜிமெயிலில் ஒட்டுப்பெயர்கள் எல்லாம் தனித்தனி அடைவாகத் தெரியும். எல்லாவற்றையும் இறக்கினால் ஒரே கடிதம் நாலு தடவை வரும். ‘ஆல் மெயில்’ என்ற ஒன்றை மட்டும் இறக்குங்கள். ஐமேப் வழியாக அவர்கள் ஒரு நாளைக்கு 2500 எம்பி வரைதான் தருவார்கள். பெரிய பெட்டியென்றால் சில நாள் ஆகும். மூன்றாவது, சாவி. சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் வைத்து வெளிக்கருவிகள் உள்ளே வருவதை 2022 மே இறுதியிலிருந்து தனிநபர் ஜிமெயில் நிறுத்திவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். நம் கடிதத்தை நாம் எடுக்க, புதுச் சாவிக்கு மனுப்போட வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காக என்பது பொய்யில்லை. ஆனால் பூட்டை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது யார்?

இது முடியாதவர்கள் கூகிளின் ‘டேக்அவுட்’ வழியாக மொத்தப் பெட்டியையும் ஒரு எம்பாக்ஸ் கோப்பாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு தடவை எடுப்பதற்கு அது போதும்.

4

இனி தேடுதல். கட்டளைவரியின் பழைய தேடுகருவி ‘கிரெப்’. கோப்புகளில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று வரிவரியாகக் காட்டும். ஆங்கிலக் கடிதங்களில் பெரும்பாலும் வேலை செய்யும். தமிழில் முதல் அடியிலேயே சறுக்கும். ஏன்?

மின்னஞ்சல் ஆங்கில எழுத்துக்கு மட்டும் இடம்விட்டுக் கட்டிய வீடு. மற்ற மொழிகள் அதற்குள் போக வேஷம் கட்ட வேண்டியிருந்தது. ‘வணக்கம்’ என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனிக்குறி என்பதால் 7 குறிகள். ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஆக 21 பைட். கடிதத்தில் அனுப்பும்போது ஒருவகைக் குறியேற்றத்தில் ஒவ்வொரு பைட்டும் 3 ஆங்கிலக் குறிகளாகி 63 ஆகிறது. ‘பேஸ்64’ என்ற இன்னொரு வகையில் 28 ஆகிறது. அதிலும் ஒரு வினோதம்: பேஸ்64 மூன்று மூன்று பைட்டாக வெட்டி மாற்றுவதால், முன்னால் எத்தனை இடைவெளிகளும் நிறுத்தற்குறிகளும் வந்தன என்பதைப் பொறுத்து ஒரே ‘வணக்கம்’ மூன்று வெவ்வேறு உருவங்களில் வரும். கோப்பில் கிரெப் போட்டு ‘வணக்கம்’ என்று தேடினால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். கடிதம் இருக்கிறது, ஆனால் தன் மொழியில் இல்லை.

வேஷத்தைக் களைந்து சொற்களை அட்டவணைப்படுத்தும் கருவி வேண்டும். ‘நாட்மச்’ அப்படிப்பட்டது. 2009இல் கார்ல் வொர்த் எழுதத் தொடங்கியது. கடிதக் கோப்புகளைத் தொடாது. தனியே ஒரு சொல்லடைவு கட்டிக்கொள்ளும். அனுப்புநர், தேதி, பொருள், உள்ளடக்கம் எதைச் சேர்த்தும் கேட்கலாம். நாமே ஒட்டுப்பெயர் போடலாம், அதுவும் நம்மிடமே இருக்கும். பல்லாயிரம் கடிதங்களுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வரும். (‘மியூ’ என்பதும் இதே வகைதான்.) படிக்கவும் பதில் எழுதவும் ‘மட்’, ‘ஆல்பைன்’ போன்றவை இருக்கின்றன.

ஆனால் தமிழில் எப்படிக் கேட்பது என்று எந்தக் கையேடும் சொல்லித்தராது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஊர்’ என்று கேட்டால் ‘ஊரில்’, ‘ஊருக்கு’ வராது. கருவிக்கு அவை வேறு வேறு சொற்கள். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அப்படித் தொடங்குபவை எல்லாம் வரும். ஆனால் ‘ஊர்’ என்று புள்ளியோடு எழுதி நட்சத்திரம் போட்டால் ‘ஊரில்’ அப்போதும் வராது. ஏனென்றால் புள்ளியும் ஒரு குறி; ‘ஊரில்’ என்பதில் அந்த இடத்தில் வேறொரு குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு ‘ஊர’ என்று போட்டு நட்சத்திரம் வையுங்கள். ஊர், ஊரில், ஊருக்கு எல்லாம் வரிசையாக வரும். ‘ஊரடங்கு’ம் கூடவே வரும். அதே மாதிரி ‘தண்ண’ என்று நிறுத்தி நட்சத்திரம் போட்டால் எழுத்துத்தமிழின் ‘தண்ணீரை’யும் வரும், பேச்சுத்தமிழின் ‘தண்ணி’யும் வரும். மெய்யீற்றுச் சொல்லுக்குப் புள்ளியை வெட்டு, உகர ஈற்றுக்கு உகரத்தை வெட்டு (‘பூட்டு’ – ‘பூட்ட’), மகர ஈற்றுக்கு மகரத்தையே வெட்டு (‘மரம்’ – ‘மர’). புணர்ச்சி இலக்கணம் படித்தது இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல்: ‘கொடி’யின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கருவிக்கு அவை இரண்டாக இருக்கலாம். தேடியது கிடைக்காதபோது ‘இல்லை’ என்று முடிவுகட்டாமல் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ஆலையை ஒருவர் ‘டேனரி’ என்பார், ஒருவர் ‘டானரி’ என்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்திருப்பார். ஆவணத்தில் தேடுவது என்பது, யார் எப்படிப் பேசுவார் என்று நினைவுபடுத்திக்கொள்வதும்தான்.

5

இப்போது என் கடிதத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் மதுரை நண்பர் ஒருவர் அந்தக் காலத்திலேயே லினக்ஸ் வைத்திருந்தார். ‘ஃபெட்ச்மெயில்’ என்ற கருவியால் கடிதங்களைத் தன் கணிப்பொறிக்கு இறக்கி, மட்டில் படிப்பார். நாங்கள் கேலி செய்வோம். “ஏம்ப்பா, இன்னும் கறுப்புப் பலகையிலதான் எழுதுறியா?” அந்தக் கணிப்பொறி போய், அதன் ஹார்ட் டிஸ்க் வேறொன்றுக்கு மாறி, அதுவும் போய், எம்பாக்ஸ் கோப்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்திருந்தது. நான் அனுப்பியவை அங்கே இருந்தன. பெற்றவர் வீட்டில் கடிதம் கிடக்கும் என்ற பழைய விதி, ஒரே ஒருவர் விஷயத்தில் தப்பியிருந்தது.

எம்பாக்ஸைப் பிரித்து மெயில்டிராக்கி, நாட்மச்சுக்குக் கொடுத்தோம். 2003 என்று கேட்டால் அந்தக் கடிதம் இல்லை. ‘கிண’ என்று கேட்டாலும் இல்லை. ‘தண்ண’ என்று கேட்டாலும் இல்லை.

காரணம் எழுத்துருவில் இருந்தது. யூனிகோடு எங்களிடம் வந்துசேராத காலம் அது. தமிழ் எழுத 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். இணையத்தில் இருந்தவர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கியது ‘டிஸ்கி’. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ‘டாப்’, ‘டாம்’ என்று வேறு இரண்டைத் தரமாக்கியது. 2010இல்தான் யூனிகோடை அரசு ஏற்றது. கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்தவர்கள் மின்னஞ்சலில் பேசிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியதும் இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான். நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அவர்களுக்கிடையே போன கடிதங்களை எத்தனை பேர் மாற்றியிருப்பார்கள்? ‘மரத்தடி’, ‘அகத்தியர்’, ‘ராயர் காபி கிளப்’ என்று தமிழில் எழுதிப் பழகியவர்கள் கூடிய குழுக்களெல்லாம் யாஹூவின் குழுமச் சேவையில் இருந்தவை. 2019 இறுதியில் அந்தச் சேவை தன் பழைய பதிவுகளை நீக்கத் தொடங்கி 2020 டிசம்பரில் மூடியேவிட்டது. தமிழ் உரைநடையின் ஒரு முழுப் பத்தாண்டின் பயிற்சிப் புத்தகம் அது. யார் யார் வீட்டில் இறங்கியிருந்ததோ அது மட்டுமே மிச்சம்.

டிஸ்கியில் எழுதிய என் கடிதத்தை நாட்மச் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகப் படித்திருந்தது. அதற்கும் கட்டளைவரியில் மருந்து இருந்தது. லினக்ஸில் ‘ஐகான்வ்’ என்ற குறியாக்க மாற்றி உண்டு. அதற்கு டிஸ்கி தெரியும். டிஸ்கியின் முதல் பாதி சாதாரண ஆங்கில எழுத்துகளே என்பதால் தலைப்பு வரிகள் கெடாமல் உள்ளே இருப்பது மட்டும் தமிழாகும். மூலத்தைத் தொடாமல், சந்தேகப்பட்ட கடிதங்களைப் பிரதியெடுத்துப் பிரதியை மட்டும் மாற்றினோம். திரும்பவும் ‘தண்ண’.

வந்தது. “கிணத்துத் தண்ணி நுரைக்குதுன்னு சொல்றாங்க. மாடு குடிக்க மாட்டேங்குது. சாம்பிள் எடுத்திருக்கேன்.” தேதியைப் பார்த்தால் 1980 ஜனவரி! அன்றைக்கு என் கணிப்பொறியின் பேட்டரி செத்திருந்தது, கடிகாரம் ஒவ்வொரு தடவையும் 1980க்குப் போய்விடும். தேதி வரியை எழுதுவது அனுப்புபவனின் கணிப்பொறி. அதனால்தான் 2003 என்று தேடியபோது சிக்கவில்லை. ஆனால் ‘ரிசீவ்டு’ முத்திரைகள் சர்வர்கள் போட்டவை. அவற்றில் 2003 ஆகஸ்ட் என்று தெளிவாக இருந்தது.

அந்தக் கடிதம் எந்த வழக்கையும் வென்று தரவில்லை, வழக்கே நடக்கவில்லை. அச்செடுத்துக் கிணற்றுக்காரரிடம் கொடுத்தேன். “அப்பவே சொல்லியிருக்கமா?” என்று கேட்டார். அவருக்கே மறந்துபோயிருந்தது. ஒரு ஊர் பேசியதை ‘ஒருத்தரும் பேசவில்லை’ என்று ஆக்குவதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. பெட்டி காலியானால் போதும்.

6

வழக்கு நடந்திருந்தால்? மின்னணு ஆவணத்தை அச்செடுத்து நீட்டினால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது, சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். கட்டளைவரியில் ‘ஷா256சம்’ என்று அடித்துக் கோப்பின் பெயரைச் சொன்னால் வந்துவிடும். அதனால்தான் மூலத்தைத் தொடக்கூடாது என்கிறேன்.

கோப்பு நம் கணிப்பொறியில் இருப்பதாலேயே அது நம்முடையது ஆகிவிடாது என்பதற்கும் கசப்பான பாடம் இருக்கிறது. பீமா கோரேகாவ் வழக்கில் ரோனா வில்சனின் கணிப்பொறியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம், 2016இல் மின்னஞ்சல் இணைப்பு ஒன்றின் வழியாகத் தீம்பொருள் நுழைந்து, பிறகு ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று 2021 அறிக்கையில் சொன்னது. புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. நமக்குப் பாடம் எளியது: தெரிந்தவர் பெயரில் வந்தது என்பதற்காக இணைப்பைத் திறக்காதே, முதலில் கடிதத்தை எழுத்தாகத் திறந்து தலைப்பைப் படி.

இடம் மாற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதங்களைக் கொண்டுபோக ‘ஐமேப்சிங்க்’ இருக்கிறது. முதலில் ‘ட்ரை’ என்ற ஒத்திகை ஓட்டம். திருப்தியானால் நிஜ ஓட்டம். மெசேஜ்-ஐடி போன்ற தலைப்புகளைப் பார்த்து அடையாளம் காண்பதால், பாதியில் நின்று மறுபடி ஓட்டினாலும் இரட்டிக்காது. ஆனால் எங்கே மாறுவது? 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்ததும் ‘சுதேசி மின்னஞ்சல்’ என்ற பேச்சு கிளம்பியது. ஜோஹோ தமிழ்நாட்டில் வேர் உள்ள கம்பெனிதான். கலிபோர்னியா வீடாக இருந்தாலும் தென்காசி வீடாக இருந்தாலும் அது இன்னொருவர் வீடு. பிரதி நம்மிடம் இருந்தால் எந்த வீட்டிலும் குடியிருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம்.

7

எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

‘கட்டளையெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?’ உண்மை. ஆங்கிலமும் மடிக்கணினியும் தெரிந்த மேல்தட்டு ஆண்களின் கைவித்தையாகக் கட்டளைவரி மாறிவிட்டது. தெரிந்தவன் தெரியாதவனிடம் காட்டும் அலட்டலும் இதில் உண்டு. ஆனால் தேவைப்படுவது பத்துப் பதினைந்து சொற்கள். அவற்றை ஆங்கிலமாக நினைக்க வேண்டியதில்லை, மந்திரமாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் தமிழில் விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினால் யாரும் செய்யலாம். எங்களில் இப்போது இதை நன்றாகச் செய்பவர் பத்தாவது வரை படித்த ஒரு பெண். எல்லோரும் கற்க வேண்டியதுமில்லை. ஒரு குழுவுக்கு இருவர் போதும். ஒருவர் போதாது, அவர் நோயில் விழலாம்.

‘வீட்டில் வைத்தால் வீட்டோடு பறிபோகாதா?’ போகும். டிஸ்க் சாகும், வெள்ளம் வரும், சோதனையும் வரும். கம்பெனி வீட்டில் இருந்தால் நமக்குத் தெரியாமல் எடுப்பார்கள், நம் வீட்டில் இருந்தால் தெரிந்து எடுப்பார்கள் என்ற வித்தியாசம்தான் என்று ஒரு நண்பர் சொன்னார். அது சின்ன வித்தியாசமில்லை. டிஸ்கை மறையாக்கம் செய்து வைப்பதும், இன்னொரு பிரதியை வேறொரு ஊரில் வேறொருவர் வீட்டில் வைப்பதும்தான் வழி. மற்றவர் எழுதிய கடிதங்களும் அதில் இருக்கின்றன என்பதால், யாரிடம் வைக்கிறோம் என்பதைக் குழுவாகத்தான் தீர்மானிக்க வேண்டும். எதை வைக்கக்கூடாது என்பதையும் அப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். காப்பது போலவே சிலவற்றை அழிப்பதும் பொறுப்புதான். ஆனால் அழிப்பவர் நாமாக இருக்க வேண்டும்.

எங்கள் பழக்கம் இதுதான்: மாதம் ஒருமுறை இழுத்துக்கொள்வது, ஹாஷ் எடுத்து ஒரு நோட்டில் எழுதுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்கை மதுரைக்குக் கொண்டுபோய் நண்பர் வீட்டுப் பிரதியைப் புதுப்பிப்பது. பஸ்ஸில் போய்வர ஒரு பொழுது ஆகும். டீ குடித்துவிட்டு வருவோம்.

இந்தக் குறிப்புகளில் பிழை இருந்தால் எழுதுங்கள். எழுதுவதில் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.